டர்னருக்கு ஏன் ஜனவரி மட்டும்?

எடின்பரோவில் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக் கூடம், ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ண ஓவியங்கள் சிலவற்றை வருடத்தில் ஜனவரி மாதம் மட்டும் வெளியே எடுக்கிறதே, ராசி பார்க்கிறார்களா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ராசியெல்லாம் இல்லை. 1900-இல் அவர்களுக்கு வந்து சேர்ந்த அந்த 38 ஓவியங்களோடு ஹென்றி வாகன் என்ற ஓவியச் சேகரிப்பாளர் உயிலில் எழுதிவைத்த நிபந்தனை அது. ஜனவரியில் அந்த ஊரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், பகல் வெளிச்சமும் மந்தம்.

அதில் ஒன்று ஹைடெல்பெர்க் என்ற ஜெர்மன் நகரத்தின் படம். 1846 வாக்கில் வரைந்தது. நெக்கர் ஆறு, பாலம், நகரம், மேலே கோட்டை, எல்லாம் ஒளியில் பாதி கரைந்து நிற்கும். ஒளியை வரைந்த படத்துக்கு ஒளி ஆகாது, பாருங்கள்.

நீர்வண்ணத்தில் ஒளி மெல்லிய நிறப் படலத்தைத் தாண்டி, தாளில் பட்டுத் திரும்பி, மறுபடி அதே படலத்தைத் தாண்டித்தான் கண்ணுக்கு வருகிறது. அந்த மினுமினுப்பும் அதனால்தான், கேடும் அதனால்தான்.

எனக்குப் பிடித்த கதை அவுரி நீலம், அதாவது இண்டிகோ. அவுரி மூலக்கூறு இரண்டு ஒரே மாதிரிப் பாதிகள். நடுவில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு. மொத்த நீலமும் அந்த ஒரு பாலத்தை நம்பித்தான் இருக்கிறது. வெளிச்சம் பட்டு, பக்கத்தில் ஆக்சிஜனும் இருந்தால், பாலம் அறுந்து ஐசாட்டின் என்ற வெளிறிய பொருள் மிஞ்சும். அந்தக் கால ஓவியர்கள் மழைமேகச் சாம்பலுக்கு அவுரியோடு செங்காவியைக் கலப்பார்கள். செங்காவி ஏற்கெனவே துருப்பிடித்த இரும்பு, வெயில் அதை என்ன செய்துவிடும்? நீலம் போய்ச் சிவப்பு மட்டும் நிற்க, மழைமேகம் அந்திவானமாகிவிடுகிறது! டர்னர் பிறந்த அதே 1775-இல் பிறந்து 27 வயதில் இறந்துபோன தாமஸ் கர்ட்டினின் சில வானங்கள் இப்படிச் சிவந்தவைதான். இப்படி வெளுத்த படத்தின் அட்டைச் சட்டத்தைக் கழற்றினால், அதன் அடியில் மறைந்திருந்த ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பழைய சாம்பல் நீலம் அப்படியே இருக்கும்.

1888-இல் ரஸ்ஸல், ஏப்னி என்ற இருவர், வண்ணம் பூசிய தாள்களைக் கண்ணாடிக் குழாய்களில் போட்டு மாதக்கணக்காக வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். காற்றை வெளியேற்றிய குழாய்களில் பெரும்பாலான நிறங்கள் தப்பிவிட்டன. இன்றைக்கு இப்படி ஒரு ஆய்வுக்கு எழுதிப்போட்டால் நிதி தருபவர்கள் சிரிப்பார்கள். எனக்கென்னவோ இந்த மாதிரிப் பொறுமையான வேலைக்குத்தான் முதலில் காசு கொடுக்க வேண்டும்.

இப்போது கூடங்களில் நீர்வண்ணத்துக்குச் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம்தான்; உச்சி வெயில் 1 லட்சம் லக்ஸ். அப்படியும் வெளுப்பது நிற்காது, மெதுவாகும், அவ்வளவே. 50 லக்ஸில் 10 மணி நேரமும் 500 லக்ஸில் 1 மணி நேரமும் வெளுப்புக்கு ஏறக்குறைய ஒரே கணக்கு. அதனால்தான் விளக்கை இவ்வளவு குறைக்க முடிகிற இந்தக் காலத்திலும், பிப்ரவரி பிறந்ததும் ஹைடெல்பெர்க் பெட்டிக்குள் போய்விடுகிறது.