சலவைச் சட்டை அமைச்சரவை

1854 ஆகஸ்ட் மாதக் கடைசி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் துணிக்கடை வைத்திருந்த தாமஸ் ஃபோர்சாய்த்துக்கு கவர்னரிடமிருந்து ஆள் வந்தது. ஆட்சி அமைப்பதைப் பற்றிப் பேச வேண்டும், உடனே வரவும். ஃபோர்சாய்த் அப்போது கடை வேலையில் இருந்தார். நேராக வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு கவர்னரைப் பார்க்கப் போனார். பிறகு அவையில் பேசும்போது அதை அவரே வெள்ளந்தியாகச் சொல்லியும் வைத்தார். எதிரிகள் விடுவார்களா? அவருடைய அமைச்சரவைக்கு ‘சலவைச் சட்டை அமைச்சரவை’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஆகஸ்ட் 31-இல் பதவியேற்றவர்கள் செப்டம்பர் 2-இல் வெளியே இருந்தார்கள். மாற்றிய சட்டை அழுக்காகக்கூட நேரம் கிடைத்திருக்காது.

இது ஏதோ ஒருமுறை நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். இரண்டு ஆண்டு கழித்து, 1856 மே மாதத்தில், அதே ஊரில் ஹென்றி சூவெல் என்பவர் ஆட்சி அமைத்தார். பதின்மூன்று நாளில் கவிழ்ந்தது. அடுத்து வில்லியம் ஃபாக்ஸ் வந்தார். அவருக்கும் பதின்மூன்றே நாள். அதற்கடுத்து வந்த எட்வர்ட் ஸ்டாஃபோர்ட் மட்டும் ஐந்து ஆண்டு தாக்குப்பிடித்தார். அதே அவை, அதே உறுப்பினர்கள், நடுவில் தேர்தல் எதுவும் நடக்கவில்லை. அப்படியிருக்க, மே மாதத்தில் இரண்டு ஆட்சியைக் கவிழ்த்தவர்கள் ஜூன் மாதத்தில் எப்படிச் சாதுவானார்கள்?

பதிலுக்குப் போகுமுன் அந்த அவையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1852-இல் நிறைவேற்றிய ஒரு சட்டம் நியூசிலாந்துக் குடியேற்றத்துக்கு ஆறு மாகாணங்களைக் கொடுத்தது: ஆக்லாந்து, நியூ பிளிமத், வெலிங்டன், நெல்சன், கேன்டர்பரி, ஒடாகோ. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு தலைவர், ஒரு சபை. இவற்றுக்கு மேலே பொது நாடாளுமன்றம். அதில் மக்கள் அவைக்கு 37 பேர். இருபத்தொரு வயதான ஆண், குறிப்பிட்ட மதிப்புக்குச் சொத்தோ வாடகை வீடோ இருந்தால் ஓட்டு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் நிலம் குலத்துக்குப் பொதுவானது, தனி ஆள் பெயரில் இல்லை. அதனால் சட்டம் வெளிப்படையாகத் தடுக்காமலேயே அவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லாமல் போனது. சில தொகுதிகளில் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. ஊரில் மதிப்புள்ள ஒருவர் ‘சரி, நான் போகிறேன்’ என்றால் அவர்தான் உறுப்பினர்.

1854 மே 24 அன்று அவர்கள் ஆக்லாந்தில் கூடிய கட்டடம் அவசரமாக எழுப்பிய மரக் கொட்டகை. உள்பக்கச் சுவருக்குப் பலகைகூட அடித்து முடிக்கவில்லை. தெற்கிலிருந்து வந்தவர்கள் கப்பலில் நாள் கணக்காக அலைக்கழிந்து வந்திருந்தார்கள். வந்து சேர்ந்த பிறகு ஒரு விஷயம் உறைத்தது. தங்களுக்கு அவையைக் கொடுத்த அந்தச் சட்டத்தில், அமைச்சர்கள் அந்த அவைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கவர்னர் நியமித்த பழைய அதிகாரிகளே நாற்காலியில் இருந்தார்கள்.

எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்பவர் எழுந்து, அவையின் நம்பிக்கை பெற்றவர்களே ஆள வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அவை அதைப் பெரும் ஆதரவோடு ஏற்றது. பொறுப்புக் கவர்னராக இருந்த ராபர்ட் வின்யார்ட் ராணுவக்காரர். லண்டனைக் கேட்காமல் எதையும் முழுசாகச் செய்யத் தயங்கினார். ஒரு அரைகுறை ஏற்பாடு செய்தார். பழைய அதிகாரிகள் அப்படியே இருக்க, அவர்களோடு ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜெரால்டையும் வேறு சில உறுப்பினர்களையும் சேர்த்துக்கொண்டார். பழையவர்கள் விலக வேண்டும் என்று ஃபிட்ஸ்ஜெரால்ட் அழுத்தினார். வின்யார்ட் மறுத்தார். ஏழு வாரத்தில் ஃபிட்ஸ்ஜெரால்ட் கூட்டம் ராஜினாமா செய்தது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தீர்மானத்தைக் கொண்டுவந்த அதே வேக்ஃபீல்ட், தன்னை யாரும் அமைச்சராகக் கூப்பிடாத நிலையில், கவர்னர் பக்கம் போய் அவருக்கு ஆலோசகராக உட்கார்ந்துவிட்டார். ஆகஸ்ட் 17 அன்று கவர்னர் அவையை ஒத்திவைத்து உத்தரவு போட்டார். உத்தரவைப் பிரிக்காமலேயே வேலையைத் தொடர அவை முயன்றது. அந்த நேரத்தில் வேக்ஃபீல்டின் ஆதரவாளரான நெல்சன் உறுப்பினர் ஜேம்ஸ் மக்கே தலையில் தொப்பியைக் கழற்றாமல், கையில் அந்த உத்தரவு அச்சான அரசிதழோடு நின்றார். கூச்சல், தள்ளுமுள்ளு, குடைச் சுழற்றல். இத்தனை அமளியும் அடங்கிய பிறகுதான் ஃபோர்சாய்த்துக்கு ஆள் போனது. அவருடைய சின்ன அமைச்சரவையில் வேக்ஃபீல்டின் மகனும் ஒருவர். அவை கூடியதும் முதல் வேலையாக அதைத் தோற்கடித்தது.

வேக்ஃபீல்ட் செய்ததை இன்று ஒரு எம்எல்ஏ செய்தால் கட்சித் தாவல் என்போம். அன்று அந்தச் சொல்லுக்கே இடமில்லை, தாவ வேண்டுமானால் முதலில் ஒரு கட்சி இருக்க வேண்டுமே. கொறடா இல்லை, சீட்டுத் தருவதற்கோ மறுப்பதற்கோ தலைமை இல்லை. அவையில் இருந்த ஒவ்வொருவரும், நம் மொழியில் சொன்னால், சுயேச்சை. காலையில் ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டு மாலையில் இன்னொன்றில் மாறி ஓட்டுப் போட்டால் அவர் கணக்குச் சொல்ல வேண்டியது தன் மனசாட்சிக்கும் தன் மாகாணத்துக்கும் மட்டுந்தான். உறுப்பினர்களில் பலர் மாகாண சபையிலும் பதவி வகித்தவர்கள். வெலிங்டன் மாகாணத் தலைவர் ஃபெதர்ஸ்டன் இதே அவையில் உறுப்பினர். நெல்சனின் தலைவராக இருந்தவர் ஸ்டாஃபோர்டேதான்.

சரி, கட்சி இல்லாவிட்டால் ஆட்சி ஏன் கவிழ வேண்டும்? நல்லவர்கள் கூடிப் பேசி நல்லதைச் செய்யலாமே என்று தோன்றும். இங்கேதான் கணக்கு குறுக்கே வருகிறது.

நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது: இவர் வேண்டுமா, வேண்டாமா? ‘வேண்டாம் என்றால் யார்?’ என்று அது கேட்பதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் லாரிக்கு அதிகம் செலவழிக்கிறார் என்று நாலு பேருக்குச் செயலாளர் மேல் கோபம். போதுமான லாரி வரவழைக்கவில்லை என்று வேறு நாலு பேருக்குக் கோபம். இரண்டு கூட்டமும் சேர்ந்து அவரை இறக்கிவிடும். அடுத்தவர் வந்ததும் இந்த எட்டுப் பேரில் பாதிப் பேர் எதிரணி. இப்படி எதிர்ப்பில் மட்டும் சேரும் பெரும்பான்மைக்கு ஆளத் தெரியாது, கவிழ்க்க மட்டுமே தெரியும். ஜெர்மனி 1949-இல் தன் அரசியல் சாசனத்தை எழுதியபோது இந்த ஓட்டையை அடைத்தது. அங்கே அடுத்த பிரதமரைத் தேர்ந்தெடுத்தால்தான் இப்போதையவரை நம்பிக்கையில்லா ஓட்டில் இறக்க முடியும்.

இதைவிட ஆழமான சிக்கல் ஒன்றை பிரெஞ்சு கணித அறிஞர் கோந்தொர்சே 1785-லேயே கண்டுபிடித்திருந்தார். அதை நியூசிலாந்துச் சண்டையை வைத்தே போட்டுப் பார்க்கலாம். அங்கே பெரிய சண்டை நிலம் விற்ற பணத்தைப் பற்றியது. மாவோரிகளிடம் குறைந்த விலைக்கு வாங்கி, குடியேறியவர்களுக்கு அதிக விலைக்கு விற்பதுதான் அரசின் முக்கிய வருமானங்களில் ஒன்று. அந்தப் பணம் மாகாணங்களுக்கா, மத்திக்கா, இருவருக்கும் பங்கா?

அவையில் சமமான மூன்று கூட்டம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது என் கற்பனைக் கணக்கு. அன்றைய ஓட்டுப் பதிவு அல்ல. முதல் கூட்டத்தின் மாகாணத்தில் விற்க நிறைய நிலம் உண்டு. அதனால் அவர்களுக்கு முதலில் பிடித்தது மாகாணம், அடுத்தது பங்கு, கடைசி மத்தி. இரண்டாம் கூட்டம் வலுவான மத்திய அரசை விரும்புகிறது. அது முடியாதென்றால் மாகாணமே வைத்துக்கொள்ளட்டும், அரைகுறைப் பங்கு என்றால் கணக்கு வழக்கு நாறிவிடும் என்பது அவர்கள் எண்ணம். ஆக மத்தி, மாகாணம், பங்கு. மூன்றாம் கூட்டம் ஏழை மாகாணம். பங்கு கிடைத்தால் நல்லது; இல்லாவிட்டால் மத்தி எடுத்துக்கொண்டு பிரித்துக் கொடுக்கட்டும்; பணக்கார மாகாணமே சுருட்டிக்கொள்ளக் கூடாது. ஆக பங்கு, மத்தி, மாகாணம்.

இப்போது ஓட்டுக்கு விடுங்கள். மாகாணமா பங்கா என்றால், முதல் இரண்டு கூட்டமும் மாகாணம் என்று சொல்லும். பங்கா மத்தியா என்றால், முதலும் மூன்றும் பங்கு என்று சொல்லும். அப்படியானால் மாகாணம் மத்தியை எளிதாக வெல்ல வேண்டும் அல்லவா? அதுதான் இல்லை. இரண்டும் மூன்றும் சேர்ந்து மத்தி என்று சொல்லும். கல், காகிதம், கத்தரி விளையாட்டு மாதிரி, எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதைத் தோற்கடிக்க மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை தயாராக நிற்கிறது. யாரும் மனசு மாறவில்லை, லஞ்சம் வாங்கவில்லை. ஒவ்வொரு ஆளும் தெளிவாக இருக்கிறார், அவைதான் குழம்புகிறது. கட்சி இருந்தால் இந்தச் சுழல் அவைக்கு வருமுன்பே நின்றுவிடும், உள்ளே பேரம் பேசி ஒரே வரிசையாக்கிக் கொண்டுவந்து நிறுத்துவார்கள்.

1856 அவை இந்த மாதிரிக் கணக்கைவிடவும் ஆட்டம் கண்டது. அவைத்தலைவரைக் கழித்தால் ஓட்டுப் போட 36 பேர். அதிலும் எல்லோரும் எப்போதும் வந்திருக்க மாட்டார்கள்; கப்பல் தாமதம், ஆட்டுப் பண்ணை வேலை, வீட்டு ஞாபகம். இரண்டு பேர் இடம் மாறினால் ஆட்சி மாறும் நிலை. அமைச்சர்கள் அவைக்குப் பொறுப்பாகலாம் என்று லண்டன் இதற்குள் அனுமதி தந்திருந்தது. புது கவர்னர் கோர் பிரவுன் வந்திருந்தார், புதுத் தேர்தலும் முடிந்திருந்தது. ஆகவே இம்முறை கவர்னரைக் குறை சொல்லவும் வழியில்லை. மே 7-இல் வந்த சூவெல் மத்தி பக்கம் சாய்ந்த மிதவாதி, இங்கிலாந்திலிருந்து வந்த வக்கீல். மாகாண ஆதரவாளர்கள் மே 20-இல் அவரை இறக்கினார்கள். ஃபாக்ஸ் அந்த மாகாண அணியின் குரல். அவர் வந்ததும் மத்தி ஆதரவாளர்களும் மிதவாதிகளும் ஒன்றுசேர்ந்தார்கள். ஜூன் 2-இல் அவரும் போனார்.

ஸ்டாஃபோர்டுக்கு அப்போது வயது 37. அவர் செய்த காரியத்தில் மந்திரம் ஒன்றும் இல்லை, மூட்டை கட்டினார், அவ்வளவுதான். நிலப் பணம், பழைய கடன், புதுக் கடன் என்று தனித்தனியாக ஓட்டுக்கு விட்டால் ஒவ்வொன்றிலும் ஒரு எதிர்ப் பெரும்பான்மை முளைக்கும். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால், அதில் தனக்குக் கிடைத்ததை இழக்க யாருக்கும் மனம் வராது. நிலப் பணத்தை மாகாணங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். தெற்கு மாகாணங்களுக்குச் சந்தோஷம். குடியேற்றம் நடத்திய நியூசிலாந்து கம்பெனிக்குத் தர வேண்டிய பழைய பாக்கி ஒன்று இருந்தது. கம்பெனி ஆக்லாந்தில் யாரையும் குடியேற்றவில்லை, ‘அந்தக் கடனை நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?’ என்று ஆக்லாந்துக்காரர்கள் வருடக்கணக்காகப் பொருமிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தலையிலிருந்து அந்தச் சுமை இறங்கியது. இதற்கெல்லாம் லண்டனில் 5,00,000 பவுண்டு கடன் வாங்குவது. அதில் 2,00,000 பவுண்டைக் கம்பெனிக்குக் கொடுத்துக் கணக்கை முடிப்பது. நிதி அமைச்சராக அவர் சேர்த்துக்கொண்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? பதின்மூன்று நாளில் வீட்டுக்குப் போன சூவெலைத்தான். கட்சிகள் பகையை ஞாபகம் வைத்திருக்கும். கட்சி இல்லாத இடத்தில் நேற்றைய தோல்வி இன்றைய நியமனத்துக்குத் தடையாக இல்லை.

மூட்டையில் ஒன்று விடுபட்டிருந்தது. நிலத்தை விற்க வேண்டிய மாவோரிகளுக்கு அந்தப் பேரத்தில் நாற்காலியே போடவில்லை. மாவோரி விவகாரங்களை கவர்னர் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். நியூ பிளிமத்தை ஒட்டிய வைட்டாராவில் ஒரு நில விற்பனை தகராறாகி 1860-இல் தாரனாக்கியில் போர் வெடித்தது. மறு வருடம் ஜூலையில் ஸ்டாஃபோர்ட் ஆட்சி கவிழ்ந்தது. மாவோரிகளுக்கென்று நான்கு இடங்கள் ஒதுக்கப்பட்டது 1867-இல்தான்.

கட்சியில்லா ஆட்டம் அதோடு முடியவில்லை. 1884-இல் ராபர்ட் ஸ்டவுட் ஆகஸ்ட் 16 அன்று ஆட்சி அமைத்து 28-இல் இழந்தார். ஹாரி அட்கின்சன் வந்து ஒரு வாரம்கூட நிற்கவில்லை. செப்டம்பர் 3-இல் மறுபடி ஸ்டவுட்டே வந்தார். 1891 தொடக்கத்தில் ஜான் பேலன்ஸ் தலைமையில் லிபரல் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஆள் மாறினாலும் அந்தக் கட்சி 1912 வரை இறங்கவில்லை.

நியூசிலாந்தின் பிரதமர் பட்டியலில் இன்று முதல் பெயர் பதின்மூன்று நாள் சூவெல். ஃபிட்ஸ்ஜெரால்ட் அதில் இல்லை. ஆனால் அவர் பின்னாளில் அரசுக் கணக்குத் தணிக்கை அதிகாரியாகி, 1896-இல் இறக்கும்வரை, வந்து போன ஒவ்வொரு அமைச்சரவையின் செலவுச் சீட்டுகளையும் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஃபோர்சாய்த்தும் பட்டியலில் இல்லை. அவர் பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவில் கிறிஸ்தவப் போதகராக இருந்தார்.