ரப்பருக்குள் மயிரிழை வாய்க்கால்

பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவு, தொட்டால் தேன் போலப் பிசுபிசுப்பு. பிடிஎம்எஸ் என்கிற இந்தச் சிலிகோன் திரவத்தின் 10 பங்குக்கு 1 பங்கு இறுக்கியைச் சேர்த்துக் கலக்குவார்கள். கலக்கும்போது மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகளை வெற்றிடக் கலனில் வைத்து வெளியேற்றிவிட்டு, அச்சின் மேல் ஊற்றி, 65 டிகிரி சூட்டில் சில மணி நேரம் விட்டால் ரப்பராகிவிடும். உரித்துத் திருப்பினால் அடியில் தலைமுடிப் பருமனில் பள்ளங்கள் பதிந்திருக்கும். துளியளவு திரவத்தை ஓட்டிச் சோதிக்கும் சிறு சாதனமான நுண்பாய்ம சிப்பின் வாய்க்கால்கள் அவைதான். இவ்வளவு குறுகிய இடத்தில் தண்ணீர் சுழிக்காது. இரண்டு திரவங்களை அருகருகே விட்டாலும் தனித்தனியாகவே ஓடி, எல்லையில் மட்டும் மெல்ல ஒன்றுக்குள் ஒன்று பரவும்.

சரி, அச்சு எப்படி வந்தது? சிலிக்கன் தட்டில் எஸ்யு-8 என்ற ஒளியுணர் பிசினைப் பூசி, வாய்க்காலின் படம் உள்ள மறைப்பு வழியாகப் புறஊதா ஒளியைப் பாய்ச்சுகிறார்கள். ஒளி பட்ட இடம் இறுகும், மற்றது கரைசலில் கழுவிப் போய்விடும். பள்ளம் வேண்டிய இடத்தில் மேடு நிற்கும். தூசியில்லா அறை இந்த ஒரு வேலைக்குத்தான் தேவை, அப்புறம் அதே அச்சில் திரும்பத் திரும்ப வார்க்கலாம். முன்பெல்லாம் ஒவ்வொரு சிப்புக்கும் சிலிக்கனையோ கண்ணாடியையோ அரிக்க வேண்டும். கண்ணாடிக்கு ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், அது எலும்பு வரை இறங்கும் ஆபத்தான பொருள். ஹார்வர்டில் ஜார்ஜ் ஒயிட்சைட்ஸ் குழு 1998-இல் இந்த ரப்பர் வார்ப்பு முறையை விவரித்த பிறகு, சாதாரண உயிரியல் ஆய்வகங்களும் சிப் செய்யத் தொடங்கின.

எனக்கு மிகப் பிடித்தது, திறந்திருக்கும் பள்ளங்களை மூடும் கட்டம். ரப்பரையும் கண்ணாடித் தகட்டையும் ஆக்சிஜன் பிளாஸ்மாவில், அதாவது மின்னூட்டம் பெற்ற ஆக்சிஜன் வாயுவில், ஒரு நிமிடத்துக்கும் குறைவாகக் காட்டுகிறார்கள். ரப்பரின் மேற்பரப்பில் உள்ள மெத்தில் தொகுதிகள் போய் ஹைட்ராக்சில் தொகுதிகள் வருகின்றன. உடனே இரண்டையும் சேர்த்து வைத்தால் சிலிக்கன்-ஆக்சிஜன்-சிலிக்கன் பிணைப்பு உருவாகிவிடும். பசை கிடையாது. பிறகு பிய்த்துப் பார்த்தால் ரப்பர்தான் கிழியும், ஒட்டு விடாது.

பிடிஎம்எஸ்ஸின் மூலக்கூற்றுச் சங்கிலிகள் நெருக்கமில்லாமல் இளகியிருப்பதால் ஆக்சிஜன் எளிதில் ஊடுருவும், உள்ளே வளரும் செல்கள் மூச்சு விடலாம். 2010-இல் ஹார்வர்டின் வைஸ் நிறுவனத்தில் செய்த நுரையீரல் சிப்பில், துளைகள் கொண்ட பிடிஎம்எஸ் சவ்வு ஒன்று இருந்தது. அதன் ஒருபக்கம் நுரையீரல் செல்கள், மறுபக்கம் ரத்தக்குழாய் செல்கள். பக்கவாட்டு அறைகளில் காற்றை உறிஞ்சினால், மூச்சு விடும் நுரையீரல் போலச் சவ்வு விரியும், விட்டால் சுருங்கும்.

ஆனால் அதே இளக்கம் எண்ணெய்த் தன்மையுள்ள சிறு மூலக்கூறுகளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. பல மருந்துகள் அந்த வகைதான். வாய்க்காலில் விட்ட அளவு செல்லைச் சேராது, பாதி வழியில் சுவருக்குள் போய்விடும். மருந்துக்கு வீரியமில்லை என்று தவறாக முடிவு செய்யும் அபாயம் இதில் உண்டு. மருந்துச் சோதனைக்கு இந்த ரப்பரை எடுப்பவர்கள் வார்ப்பதற்கு முன்பே இதை யோசித்தாக வேண்டும். டொலுவீன், குளோரோஃபார்ம் போன்ற கரைப்பான்கள் பட்டாலோ சிப்பே உப்பிவிடும்.

ஆகவே லட்சக்கணக்கில் தயாரிக்கும்போது பாலிஸ்டைரீன், சைக்ளிக் ஓலிஃபின் போன்ற கடின பிளாஸ்டிக்குகளுக்குப் போகிறார்கள். உருக்கி உலோக அச்சுக்குள் செலுத்தினால் ஒரு சிப்புக்குச் சில நொடிகள் போதும். அச்சுக்கு ஆகும் செலவு பெரிது, எண்ணிக்கை பெருகினால்தான் கட்டுப்படியாகும். ரப்பரில் ஓடிய வடிவத்தை அப்படியே பிளாஸ்டிக்கில் வார்க்கவும் முடியாது. ரப்பர் சுவரை அழுத்தி மூடும் வால்வுகள் இங்கே வளையாது. சுவர் வழியே ஆக்சிஜனும் போதிய அளவு வராது, ஊட்டத் திரவத்தை இடைவிடாமல் ஓட்டித்தான் செல்களுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.