அண்டர்டேக்கர் உடம்புக்குள் என்ன நடந்தது?

தொண்ணூறுகளில் மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அமெரிக்க மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் ஏழு தடவை செத்துப் பிழைத்தவர் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வார்கள். யார் சொன்னது, எங்கே படித்தது என்றெல்லாம் கேட்கக் கூடாது. பெட்டிக்கடையில் வாங்கிய ரெஸ்லிங் கார்டுகளில் அவருடைய உயரத்தை எதிர்த்து நிற்க ஆள் குறைவு. அந்தக் கார்டு கையில் இருந்தவன்தான் வகுப்பில் பணக்காரன்.

அதே மனிதர் 2019 ஜூன் 7 அன்று சவூதியின் ஜெத்தா நகரில் இன்னொரு மல்யுத்த நட்சத்திரமான கோல்ட்பெர்க்குடன் மோதினார். இவருக்கு 54 வயது, அவருக்கு 52. நடுவிலேயே கோல்ட்பெர்க் ரிங் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டு தள்ளாட ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் எதிராளியைத் தலைகீழாகத் தூக்கி மல்லாக்கச் சாய்க்கும் தன் பிரபலமான அடியை முயன்றார். முழுசாகத் தூக்க முடியவில்லை. அண்டர்டேக்கர் தலையும் கழுத்துமாகக் கீழே வந்தார். இன்னும் ஓர் அங்குலம் தப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்த்தவர்களுக்கே பகீரென்றது. கொஞ்ச நேரத்தில் ஒருவரை ஒருவர் தூக்கப்போய் இருவரும் சரிந்து விழுந்தார்கள். பத்து நிமிடம்கூட ஓடாத மேட்ச் அது.

"வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்று நகர்ந்துவிடலாம். ஆனால் 54 வயதில் நம் ஊரில் நாள் முழுக்க வரப்பு வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். வயதானால் உடம்பில் எல்லாம் ஒரே சீராகக் குறைவதில்லை. சில சீக்கிரம் போகும், சில கடைசிவரை நிற்கும். மல்யுத்தக்காரருக்கு எது உயிரோ அதுதான் முதலில் போகிறது.

முதலில் அந்த "எல்லாம் செட்டப்பு" விவகாரத்தை முடித்துவிடுவோம். ஆமாம், யார் ஜெயிப்பார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். ஆனால் புவியீர்ப்புக்கு அந்தக் கதை தெரியாது. ரிங் என்பது இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய ஃபோம், மேலே கித்தான் துணி. அதில் மல்லாக்க விழுவதை அந்தத் தொழிலில் பம்ப் என்பார்கள். ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் பெரிய வீரர் ஒருவர் ஆண்டுக்கு இருநூறு இரவுகளுக்கு மேல்கூட இப்படி விழுந்து எழுந்தார்.

ஒரு சின்னக் கணக்கு. உடம்பின் எடை மையம் ஒரு மீட்டர் கீழே இறங்கினால், தரையைத் தொடும்போது வேகம் நொடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். இந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் நின்றுபோகிறது என்பதுதான் விஷயம். தரையும் தசையும் சேர்ந்து 5 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுத்தால், சராசரியாக உடல் எடையைப் போல 20 மடங்கு விசை முதுகில் இறங்கும். 10 சென்டிமீட்டர் கொடுத்தால் அது ஏறத்தாழப் பாதியாகும். களத்தில் வைக்கோல் போரிலிருந்து குதிக்கும் பையன் சிரித்துக்கொண்டே எழுவதும், அதே உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தால் கையை முறித்துக்கொள்வதும் இதே கணக்குதான்.

ஆக, மல்யுத்தக்காரரின் வித்தை என்பது விசையைப் பரப்புவது. முதுகின் மேல்பாதி முழுதும் ஒரே நேரத்தில் தரையைத் தொட வேண்டும், இரண்டு கைகளும் விரிந்து அறைய வேண்டும், மூச்சை வெளியே விட வேண்டும், தாடை மார்போடு ஒட்டியிருக்க வேண்டும். தாடை ஒட்டாவிட்டால் தலை பின்னால் சுண்டிப் போய் மோதும். இது எல்லாவற்றுக்கும் கிடைக்கும் நேரம் அரை நொடிக்கும் குறைவு. உயரமானவருக்கு இன்னும் மோசம். அண்டர்டேக்கரை 6 அடி 10 அங்குலம், 140 கிலோ என்று அறிவிப்பார்கள். ஆள் உயர உயர எடை கன மடங்கில் ஏறும்; ஆனால் அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்பு வர்க்க மடங்கில்தான் ஏறும். அந்த உடம்போடு அவர் ரிங்கைச் சுற்றிக் கட்டிய மேல் கயிற்றில் நடந்தார், கயிற்றைத் தாண்டி வெளியே பாய்ந்தார். அந்தக் கார்டில் நாம் வாய் பிளந்து பார்த்த உயரம்தான் அவருடைய மூட்டுகளுக்கு எமன்.

இனி தசைக்குள் போவோம். நம் தசையில் இரண்டு வகை இழைகள் உண்டு. மெதுவான இழை களைக்காமல் நெடுநேரம் வேலை செய்யும். வேக இழை சட்டென்று பெரிய விசையைக் கொடுத்துவிட்டுச் சீக்கிரம் ஓய்ந்துவிடும். முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. இந்த இழப்பில் பெரும் பங்கு வேக இழைகளுடையது.

காரணம் தசையில் மட்டும் இல்லை, நரம்பிலும் இருக்கிறது. தண்டுவடத்திலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் ஒரு கூட்டம் தசை இழைகளை ஆள்கிறது. வயதாக ஆக இந்த நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக இறக்கின்றன, அதிலும் வேக இழைகளை ஆள்பவை அதிகம். அநாதையான இழைகளைப் பக்கத்திலிருக்கும் மெதுவான நரம்பணு கிளை விட்டுத் தத்தெடுத்துக்கொள்கிறது. தத்தெடுக்கப்பட்ட இழை புது வீட்டுப் பழக்கத்துக்கு மாறி, அதுவும் மெதுவான இழையாகிவிடுகிறது. யாரும் தத்தெடுக்காத இழை சூம்பிப்போகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கை அதே பருமனாக இருக்கலாம், ஜிம்மில் அதே எடையைக்கூட மெதுவாகத் தூக்கலாம். ஆனால் விசை உச்சத்துக்கு ஏறப் பிடிக்கும் நேரம் நீண்டுபோயிருக்கும். வரப்பு வெட்டுகிறவருக்கு இது பெரிய நஷ்டமில்லை. மண்வெட்டி கால் நொடி தாமதமாக இறங்கினாலும் வரப்பு அங்கேயேதான் இருக்கும். காற்றில் தலைகீழாகத் தொங்கும் 140 கிலோ மனிதர் அப்படி இருக்க மாட்டார்.

ஜெத்தாவில் நடந்ததை இப்போது மறுபடி பாருங்கள். தலைகீழாகத் தூக்கும் அந்த அடி உண்மையில் இரண்டு பேர் வேலை. தூக்கப்படுகிறவர் சரியான கணத்தில் எம்பிக் கொடுக்க வேண்டும். தூக்குகிறவர் அந்த வேகம் வீணாகும் முன் இடுப்பை நிமிர்த்த வேண்டும். ஒருவர் பிந்தினால் இன்னொருவர் சமாளிப்பார். அன்றைக்கு ஒருவருக்குத் தலையில் அடி, இருவருக்கும் ஐம்பது தாண்டிய நரம்பு, போதாததற்கு ஜூன் மாதத்து ஜெத்தா வெக்கை. எம்பிய வேகம் பாதியில் செத்தது. அப்புறம் தூக்க வேண்டியிருந்தது வெறும் பிணக்கனம்.

அடுத்தது, ரத்தம் போகாத இடங்கள். தசை கிழிந்தால் ரத்தம் வந்து சரிசெய்யும். மூட்டில் இருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்குக்கும் அநேகமாகக் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து கசிந்து வருவதை வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். பகலெல்லாம் பாரத்தில் அமுங்கி நீரை இழந்து, இரவு படுத்ததும் உறிஞ்சிக்கொள்ளும். காலையில் நாம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். வயதானால் டிஸ்க்கின் நடுவே உள்ள கூழ் நீரைப் பிடித்துவைக்கும் திறனை இழக்கிறது. கொள்முதல் நிலையத்தில் வருஷக்கணக்காக 40 கிலோ நெல் மூட்டையைத் தலைமாற்றித் தோள்மாற்றிச் சுமந்தவர்கள் "டிஸ்க் தேஞ்சுபோச்சு" என்று சொல்வது இதைத்தான். இன்னொரு மல்யுத்த நட்சத்திரமான ஹல்க் ஹோகனுக்கு நடந்ததும் இதுவே. மேட்சை முடிக்க அவர் போடும் அடியில், எகிறிக் காலை நீட்டி எதிராளியின் மேல் விழுவார். கால் விழுவது எதிராளி மேல். தரையில் உட்காருவது ஹோகனின் சொந்த இடுப்பு. பிற்காலத்தில் முதுகு, இடுப்பு, முழங்கால் என்று அறுவை சிகிச்சைகளாகவே அவர் நாள் கழிந்தது. அண்டர்டேக்கருக்கும் இடுப்பு மூட்டுதான் காலை வாரியது. ஆண்டுக்கொரு முறை நடக்கும் பெரிய மல்யுத்தத் திருவிழாவான ரெஸில்மேனியாவில் 2017இல் ரோமன் ரெய்ன்ஸிடம் தோற்று, கோட்டையும் தொப்பியையும் ரிங்கிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போன பிறகு, இடுப்புக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.

சரி, வயதான பிறகு ஆண்டுக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடினால் போதுமே, உடம்பு தாங்காதா? இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தசையும், அதை எலும்போடு கட்டும் தசைநாணும் தொடர்ந்து வரும் பாரத்துக்கு ஏற்பத் தங்களை வைத்துக்கொள்பவை. பாரம் நின்றால் இளகிவிடும். வயதானவர்களுக்கு இழந்ததைத் திரும்பக் கட்ட நாளும் அதிகம் பிடிக்கும். பத்து மாதம் ஓய்ந்த உடம்பை ஓர் இரவில் உச்சத்துக்கு இழுப்பது, வாரத்துக்கு நாலு மேட்ச் ஆடுவதைவிட ஒரு விதத்தில் ஆபத்து. டெல்டாவில் இதற்குச் சாட்சி வேண்டுமானால் பொங்கல் கபடிக்குப் போங்கள். கல்யாணமானவர்களுக்கும் ஆகாதவர்களுக்கும் மேட்ச் வைப்பார்கள். ஒரு காலத்தில் பாடிப் போனால் இரண்டு பேரைத் தொட்டு வந்த அண்ணன், கைலியை மடித்துக் கட்டி இறங்குவார். கோட்டைத் தாண்டித் திரும்பும்போது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். யாரும் அவரைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். மனசு போட்ட உத்தரவு இருபத்தைந்து வயதுக்காரனுடையது, வாங்கிய தசைநாண் நாற்பத்தைந்தினுடையது.

தலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014 ஏப்ரல் 6, நியூ ஆர்லியன்ஸ். ரெஸில்மேனியாவில் அதுவரை 21 மேட்ச் ஆடி ஒன்றில்கூடத் தோற்காத அண்டர்டேக்கரை பிராக் லெஸ்னர் தோற்கடித்தார். அன்றைக்கு டிவி முன்னால் வாயடைத்துப் போன ரசிகர்களுக்குத் தெரியாத செய்தி, மேட்சின் நடுவிலேயே அண்டர்டேக்கருக்கு மூளை அதிர்ச்சி ஏற்பட்டுவிட்டது என்பது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்த மேட்சே தனக்கு ஞாபகமில்லை என்று பின்னால் சொன்னார். தலை சட்டென்று திரும்பும்போதோ நிற்கும்போதோ மூளைக்குள் நரம்பு இழைகள் இழுபட்டு, அவற்றின் மின் சமநிலை குலைவதுதான் மூளை அதிர்ச்சி. மண்டை உடைய வேண்டியதே இல்லை. கழுத்துத் தசை சரியான நேரத்தில் இறுகினால் தலையின் ஆட்டம் குறையும். அந்த இறுக்கமும் வேக இழைகளின் வேலையே. சுற்றிச் சுற்றி அதே கடன்காரனிடம்தான் வந்து நிற்கிறோம்.

போகாதது என்ன? கூட்டத்தைப் பிடித்துவைக்கும் கலை. மணி ஒலிக்க, விளக்கு அணைய, அவர் மெல்ல நடந்து வருவதற்கே சில நிமிடங்கள் ஆகும். அந்த நடைக்கு வேக இழை தேவையில்லை. எந்த இடத்தில் நிற்க வேண்டும், எப்போது தொப்பியைக் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் ஐம்பதுக்கு மேல் இன்னும் மெருகேறியிருந்தது என்பேன். 2020இல் கொரோனா காலத்து ரெஸில்மேனியாவில் ஏ.ஜே. ஸ்டைல்ஸுடன் அவர் மோதியது ரிங்கிலேயே இல்லை. இடுகாடு மாதிரி செட் போட்டு, இரவில் சினிமாபோல ஷாட் ஷாட்டாக எடுத்து வெட்டி ஒட்டினார்கள். பிந்திய அரை நொடிகள் எடிட்டிங் மேஜையில் விழுந்துவிட்டன. அதுதான் அவருடைய கடைசி மேட்ச், கடைசிப் பத்தாண்டில் பார்க்கச் சகித்த சிலவற்றில் ஒன்றும்கூட.

இன்னொரு பழைய மல்யுத்த நட்சத்திரமான ரிக் ஃப்ளேருக்கு அந்த வசதி இல்லை. 2022 ஜூலை 31 அன்று நாஷ்வில்லில், 73 வயதில், நெஞ்சில் பேஸ்மேக்கரோடு, கூட்டத்தின் முன் நேரடியாக ஆடினார். நடுவில் மயக்கம் வந்துவிட்டதாகவும், உடம்பில் நீர் குறைந்துபோயிருந்ததாகவும் அப்புறம் அவரே சொன்னார். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மழுங்கும், சிறுநீரகமும் நீரை முன்போலச் சேமிக்காது. கத்திரி வெயிலில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா தண்ணீரே கேட்காமல் திடீரென்று சுருண்டுவிடுவதற்கும் இதுதான் காரணம். இதயத்தின் உச்சத் துடிப்பும் 25 வயதில் நிமிடத்துக்கு 190 அளவில் இருந்தது, 73 வயதில் 157க்குப் பக்கத்தில் வந்துவிடும். ரத்தத்தை வேகமாக அனுப்பி ஈடுகட்டவும் இடமில்லை. அன்றைக்கும் எதிராளி ஜெஃப் ஜாரெட்டை மடக்கி ஃப்ளேர்தான் ஜெயித்தார். முடிவு ஏற்கெனவே எழுதி வைத்ததுதானே.