மருந்து ஃப்ரீதான், வாங்கப் போற நாள் ஃப்ரீ இல்ல

மும்பை தாராவில டிபி (காசநோய்) பேஷண்ட்ஸ் கூட பதினோரு வருஷமா வேலை பாக்குறேன். சோஷியல் ஒர்க்கர்னு சொன்னா நம்ம ஜனங்களுக்கு ரெண்டே அர்த்தம்தான், ஒண்ணு அட்வைஸ் பண்றவ, இன்னொண்ணு எங்கயாவது கையெழுத்து வாங்கித் தர்றவ. ரெண்டாவது ஓரளவு சரி.

போன வருஷம் ஒரு அக்கா. அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விஷயங்கள மாத்திதான் எழுதுறேன். திருநெல்வேலி பக்கத்துக்காரங்க, வீட்டுக்காரர் சைக்கிள்ல இட்லி விக்கிறவரு, அந்த பாம் பாம் ஹார்ன் அடிச்சிட்டு சயான், மாட்டுங்கா பக்கமெல்லாம் போவாங்களே அவங்கள்ல ஒருத்தர். அக்கா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அவிக்க ஆரம்பிப்பாங்க, ஏணி வச்சு ஏறுற மேல் ரூம், ஜன்னல்னு சொல்லிக்க ஒரு ஓட்டை இருக்கு, அதையும் எதிர் வீட்டு தகரம் அடைச்சிருக்கு. மூணாவது மாசம் மாத்திரைய நிறுத்திட்டாங்க. ரெஜிஸ்டர்ல அவங்க பேருக்கு நேரா சிவப்பு பேனால 'டிஃபால்டர்'.

இந்த வார்த்தைய உலக சுகாதார நிறுவனம் 2013லயே எடுத்துடுச்சு, ஏன்னா பேங்க்ல கடன் வாங்கிட்டு ஏமாத்தினவன சொல்ற மாதிரி பழி மொத்தத்தையும் பேஷண்ட் தலையில போடுது. ஃபாரத்துல இருந்து போயிடுச்சு, வாயில இருந்து இன்னும் போகல.

முதல் தடவை போனப்ப நானும் தப்புதான் பண்ணேன். மாத்திரைய பாதில விட்டா கிருமி மருந்துக்கு அடங்காமப் போயிடும்னு அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தேன். அக்கா மாவு வழிச்சுக்கிட்டே கேட்டாங்க, "நீங்க சொல்லுதது சரிதான் மேடம், இட்லி ஓடலன்னா வாடகைய நீங்க குடுப்பியளா?"

அதுக்கப்புறம்தான் வாய மூடிட்டு கேக்க ஆரம்பிச்சேன். ஒவ்வொண்ணா வந்துச்சு. ரெண்டு மாசத்துல இருமல் நின்னுடுச்சு, சரியாயிடுச்சுன்னு நெனச்சிருக்காங்க. யூரின் ஆரஞ்சு கலர்ல போனத ரத்தம்னு நெனச்சு பயந்திருக்காங்க (அது ரிஃபாம்பிசின் மாத்திரையோட கலர், ஆரம்பத்துலயே சொல்லிருக்கணும், ஒரு வரிதான், யாரும் சொல்லல). வெறும் வயித்துல போட்டு வாந்தி வேற. மாத்திரை குடுக்குற சென்டர் திறக்குற நேரம் இவங்க கண்ண மூடுற நேரம், போனா லைன்ல ரெண்டு மணி நேரம். எல்லாத்துக்கும் மேல, அந்த லைன்ல பாதிப் பேர் நம்ம ஊர்க்காரங்க. ஒருத்தர் பாத்தா போதும், "அவ சுடுற இட்லியா, வேண்டாம்"னு சந்து முழுக்க பரவிடும், வீட்டு ஓனர் ரூம காலி பண்ணச் சொல்வாரு.

டிபி இட்லியில, தட்டுல, டம்ளர்ல எல்லாம் பரவாதுங்க. நுரையீரல் டிபி இருக்கிறவங்க இருமுறப்ப காத்துல வர்றதுலதான் பரவும், சரியான மருந்து போட ஆரம்பிச்ச கொஞ்ச வாரத்துலயே அதுவும் பொதுவா ரொம்ப குறைஞ்சிடும். ஆனா இத பிட் நோட்டீஸ் அடிச்சு ஒட்டி வியாபாரத்த காப்பாத்த முடியுமா? முடியாது. அதனால சென்டரயே மாத்தினோம், ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், தெரிஞ்ச முகமே இல்லாத இடம். நிக்ஷய்னு டிபி பேஷண்டுங்கள பதிவு பண்ற கவர்மெண்ட் ஆன்லைன் சிஸ்டம், அதுல பேஷண்டுக்கு ஒரு ஐடி இருக்கும், அத வச்சு சிகிச்சைய எந்த ஊருக்கும் மாத்தலாம், இது நிறைய பேருக்கு தெரியறதே இல்ல.

மறுபடி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சளிய சிபிநாட்னு, கிருமி மருந்துக்கு அடங்குமான்னு காட்டுற மெஷின்ல வச்சு பாத்தாங்க, ரிஃபாம்பிசினுக்கு அடங்குற கிருமிதான். அன்னைக்கு நான் சாப்பிட்ட வடாபாவ் ருசி இன்னும் ஞாபகம் இருக்கு. இந்த மும்பைலதான் 2012ல எந்த மருந்துக்கும் அடங்காத டிபின்னு ஒரு டாக்டர் நாலு பேஷண்டப் பத்தி எழுதி பெரிய பரபரப்பே ஆச்சு, அதனால அந்த ரிப்போர்ட் வர்ற வரைக்கும் வயித்துல ஒரு கலக்கம் இருந்துக்கிட்டேதான் இருக்கும்.

அடுத்து காசு. சத்தான சாப்பாட்டுக்குன்னு கவர்மெண்ட் 2018 ஏப்ரல்ல இருந்து மாசம் 500 ரூபா போட்டுச்சு, 2024 நவம்பர்ல இருந்து 1000. அக்காவோட அக்கவுண்ட் ஊர்ல ஒரு பேங்க்ல தூங்கிட்டிருந்துச்சு, ஆதார் லிங்க் இல்ல, பைசா வரல. புது ஜன்தன் அக்கவுண்ட் திறக்க மூணு நாள் அலைஞ்சோம். மாத்திரை நேரத்தையும் மாத்தினோம், டாக்டர்கிட்ட கேட்டுட்டு, இட்லி எல்லாம் கிளம்பினப்புறம் நாலு இட்லிய அவங்களே சாப்பிட்டுட்டு போடுறதுன்னு. பசங்க ரெண்டு பேருக்கும் டெஸ்ட் எடுத்தோம், நோய் இல்ல, தடுப்பு மாத்திரை குடுத்திருக்காங்க.

இதுல என்னால ஒண்ணும் பண்ண முடியாதது அந்த ஜன்னல். 2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவில முதல் கொரோனா கேஸ் வந்தப்ப டாக்டருங்க, ஆபீசருங்க எல்லாம் இந்த சந்துக்குள்ள குனிஞ்சு வந்து வீடு வீடா பாத்தாங்க, கம்யூனிட்டி டாய்லெட்ட தினமும் கழுவினாங்க, அப்ப முடிஞ்சுது. டிபி தலைமுறை தலைமுறையா இங்கதான் இருக்கு, அதுக்கு ஏன் முடியலன்னு கேட்டா பதில் இல்ல. குடிசைய எடுத்துட்டு கட்டிடம் வந்தா சரியாயிடும்ங்கிறாங்க. கோவண்டி, மான்குர்த் பக்கம் நட்வர் பாரேக், லல்லுபாய் காம்பவுண்ட் எல்லாமே கட்டிடம்தான், நெருக்கி நெருக்கி கட்டி கீழ் மாடில வெயிலே விழாத இடத்துல டிபி ஜாஸ்தின்னு 2018லயே ஆய்வு வந்துச்சு. தாராவி ரீடெவலப்மெண்ட் மீட்டிங் எங்கயாவது நடந்தா சதுர அடி கேக்குறப்பவே ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல எவ்வளவு இடம் விடுறீங்கன்னும் கேளுங்க.

லீவுக்கு ஊருக்குப் போறவங்க மாத்திரை தீந்துடுச்சுன்னு நிறுத்தாதீங்க, ஐடி நம்பர போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, சந்தேகம்னா கவர்மெண்ட் டிபி ஹெல்ப்லைன் 1800-11-6666க்கு அடிங்க, ஃப்ரீ நம்பர்.

அக்கா மே மாசம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போனாங்க, ஒரு மாச மாத்திரையோட. அங்கிருந்து போன், "ஏ பிள்ள, அத்தகிட்ட சத்து மாத்திரைன்னு சொல்லிட்டேன், திட்டாத."

நான் திட்டல. சாப்பிட்டுட்டு போட்டீங்களான்னு மட்டும் கேட்டேன்.