படத்தில் வெள்ளையாகத் தெரிந்த கண்மணி

சாவகச்சேரியிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். முதலாவது பிறந்தநாளுக்கு எடுத்த படத்தில் மகளின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது பூனைக்கண்போல வெள்ளையாகவும் தெரிந்திருக்கிறது. கண்ணூறு என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டதிலேயே இரண்டு மாதம் போய்விட்டது. பிறகுதான் விழித்திரைப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அவர் கேட்டது ஒன்றுதான்: "அடுத்த பிள்ளைக்கும் வருமா?"

வெள்ளையாகத் தெரிந்தது கட்டியில் பட்டுத் திரும்பிய பிளாஷ் வெளிச்சம். அவருடைய கேள்விக்கான திறவுகோல் 1971இல் கிடைத்தது. அமெரிக்க வைத்தியர் ஆல்ஃபிரட் நுட்சன் கையில் அப்போது மரபணு எதுவும் இல்லை; 48 நோயாளிகளின் குறிப்புகள் மட்டுமே இருந்தன. எத்தனை மாத வயதில் நோய் தெரிந்தது என்று பார்த்து, ஒவ்வொரு வயதிலும் இன்னும் நோய் தெரியாமல் எஞ்சியிருந்தவர்களின் பங்கை மடக்கை (லாக்) அளவிடையில் குறித்தார். இரு கண்ணிலும் நோய் வந்தவர்களுக்குப் புள்ளிகள் நேர்கோடாக இறங்கின. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்குக் கோடு முதலில் தயங்கி, பிறகு வளைந்து இறங்கியது. நேர்கோட்டுக்கு மரபணுவில் ஒரு தற்செயல் விபத்துப் போதும். வளைவுக்கு இரண்டு வேண்டும். வெறும் வயதுக் கணக்கிலிருந்து இதைப் பிடித்தாரே என்று இன்றும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

சைக்கிளுக்கு இரண்டு பிரேக். கலம் கண்டபடி பிரியாமல் தடுக்கும் ஆர்பி1 மரபணுவும் அப்படித்தான், தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது தாங்கும். ஆனால் கருவிலேயே ஒன்று பழுதென்றால், விழித்திரையின் இலட்சக்கணக்கான கலங்களும் ஒற்றைப் பிரேக்குடனேயே ஓடத் தொடங்குகின்றன. அவற்றில் சிலவற்றிலாவது மற்றதும் அறுந்துவிடும். அதனால்தான் இரு கண்ணிலும், சிறு வயதிலேயே நோய் வருகிறது. பிறவிப் பழுது இல்லாத குழந்தையில் ஒரே கலத்தில் இரண்டும் அறுவது மிக அரிது. அந்த மரபணுவை 13ஆம் நிறமூர்த்தத்திலிருந்து (குரோமோசோம்) பிரித்தெடுத்தது 1986இல்தான்.

லேசர், குளிர்ச் சிகிச்சை, கீமோ எல்லாம் உண்டு. கட்டி பெருத்துவிட்டால் கண்ணையே எடுக்க நேரிடும். அந்த இரண்டு மாதங்களை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை. தேர் செய்ய வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் நம்மவர்கள், மரபணுப் பரிசோதனைக்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும்.

அம்மா, ஒரு கண்ணில் மட்டும் வந்த பிள்ளைகளிலும் சிலருக்குப் பிறவிப் பழுது உண்டு. ஆகவே மகளின் இரத்தத்தைப் பரிசோதியுங்கள். அதில் பழுது தெரிந்தால் உங்களுக்கும் கணவருக்கும் பரிசோதனை தேவை. உங்களில் ஒருவரிடம் அது இருந்தால் அடுத்த பிள்ளைக்குக் கடத்தப்படும் வாய்ப்புப் பாதிக்குப் பாதி. இருவரிடமும் இல்லையென்றால் மிகக் குறைவு. எப்படியானாலும், அந்தக் குழந்தை பிறந்ததும் கண் வைத்தியரிடம் காட்டுங்கள்.