மூளையில் ‘புண்’ அல்ல, ‘திட்டு’

தலைவலிக்காக எம்.ஆர்.ஐ. எடுத்த பிள்ளைகளின் ரிப்போர்ட்டைத் தமிழில் சொல்லும்போது ‘மூளையில் புண்’ என்பது காரைக்குடிப் பக்கம் வழக்கமாகிவிட்டது. தேவகோட்டையில் ஓர் ஆச்சி, “பேரனுக்கு மூளையில புண்ணாம், சீழ் வச்சிருமா?” என்று கேட்டு அழுதார். பையனுக்கு இருந்தது மைக்ரேன். ரிப்போர்ட்டில் இருந்தது ‘லீஷன்’ (lesion) என்ற சொல். அதைத்தான் ‘புண்’ ஆக்கிவிட்டார்கள்.

லீஷன் லத்தீன் வழி வந்த சொல், வேர்ப்பொருள் ஊறு. மருத்துவத்தில் அதன் பொருள் விரிந்துவிட்டது: இயல்பான திசுவிலிருந்து மாறித் தெரியும் எந்த இடமும் லீஷன்தான். தேமலும் லீஷன், கட்டியும் லீஷன்.

தமிழில் புண் அப்படியா? வாய்ப்புண், குடற்புண் என்றால் தோலோ சவ்வோ கிழிந்து எரிகிறது என்று பொருள். ஆற வேண்டும், மருந்து போட வேண்டும். மைக்ரேன் உள்ள சில பிள்ளைகளின் மூளை வெண்பொருளில் (நரம்பிழைகள் செல்லும் வெளிர்நிறப் பகுதியில்) தெரியும் சிறு வெள்ளைப் புள்ளிகளுக்கு இதில் ஒன்றும் பொருந்தாது. தலைவலியே இல்லாத பிள்ளைகளிடமும் அவை தென்படுவதுண்டு. பெரும்பாலும் சிகிச்சையை மாற்றுவதில்லை. ‘காயம்’ என்றால் யார் அடித்தார்கள் என்ற கேள்வி வரும். ‘சிதைவு’ இன்னும் கொடுமை, பிள்ளையின் படிப்பே போச்சு என்று வீடு இடிந்துபோகும். ‘வடு’ என்கிறார் ஒரு நண்பர். வடு என்றால் முன்பு புண் இருந்து ஆறியிருக்க வேண்டுமே! அதற்கு ஸ்கேனில் சாட்சி ஏது?

திட்டு என்போம். ஆத்தங்குடித் தரைக்கல்லில் ஓரிடம் நிறம் வெளிறியிருந்தால் திட்டு என்கிறோம். கல் உடைந்தது என்பதில்லை. இடத்தைச் சொல்கிறது, காரணத்தைக் கற்பிப்பதில்லை. ‘வெண்பொருள் திட்டு’ என்றால் மருத்துவருக்கும் புரியும், ஆச்சிக்கும் புரியும். கட்டியாக இருந்தால் கட்டி என்றே சொல்லட்டும்.

ரிப்போர்ட்டைத் தமிழாக்கும் இந்த மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லைத் தாண்டுவதே இல்லை. ஸ்கேனில் எதிர்பாராமல் தெரிந்ததைத் ‘தற்செயல் கண்டுபிடிப்பு’ என்கிறார்கள். கண்டுபிடிப்பு விஞ்ஞானிக்கு உரியது, இங்கே ‘தற்செயலாகத் தெரிந்தது’ போதும். மைக்ரேனை ‘ஒற்றைத் தலைவலி’ என்பதும் அப்படித்தான். பாதி மண்டை என்ற கிரேக்கச் சொல்லின் நிழல் அது. பிள்ளைகளுக்கோ நெற்றியின் இரு பக்கமும் வலிப்பதே அதிகம். ‘ரெண்டு பக்கமும் வலிக்குது, அப்ப இது வேற ஏதோ’ என்று பயந்து ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். திரும்பத் திரும்பத் தலைவலி வரும் பிள்ளைக்கு நரம்புப் பரிசோதனையில் குறையில்லை என்றால் வழக்கமாக ஸ்கேன் தேவையில்லை என்று அமெரிக்க நரம்பியல் அகாடமி 2002-லேயே சொல்லியிருக்கிறது. அந்தப் பரிசோதனையில் குறை தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, புதிதாகக் கடும் வலி தொடங்கினாலோ, வலியின் தன்மை மாறினாலோ, நரம்புக் கோளாறைக் காட்டும் வேறு அறிகுறி இருந்தாலோ ஸ்கேனை யோசிக்கச் சொன்னது.