முதுகுப்பை வேட்டைக்கு ஸ்பாட்டிங் ஸ்கோப்: எடையை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது

அலாஸ்காவில் டால் செம்மறி என்கிற மலைக் காட்டுச் செம்மறி வேட்டைக்குக் கிளம்புகிறவர்கள் துப்பாக்கிக்கு அடுத்தபடியாக அதிகம் யோசித்து வாங்குவது ஸ்பாட்டிங் ஸ்கோப்பைத்தான், அதாவது ட்ரைபாடில் வைத்துத் தூரத்தைப் பார்க்கிற ஒற்றைக்குழல் தொலைநோக்கியை. ஆனால் வாங்கும்போது பெரும்பாலும் இரண்டு எண்களைத்தான் பார்க்கிறார்கள்: எத்தனை மடங்கு, எத்தனை கிராம். அட்டைப்பெட்டியில் 60 மடங்கு என்று போட்டிருந்தால் மலையிலும் 60 மடங்கு கிடைத்துவிடாது. 800 கிராம் என்று போட்டிருந்தால் முதுகில் ஏறுவதும் 800 கிராம் அல்ல.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இந்த மாதிரி வேட்டைக்கு இடமே இல்லை. இது அமெரிக்காவிலும் கனடாவிலும் உரிமம் எடுத்து மலையேறுகிற நம்மவர்களுக்காக எழுதுவது. பறவை பார்ப்பவர்களும் வரையாடு பார்க்கப் போகிறவர்களும் துப்பாக்கிப் பேச்சை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளலாம்.

டால் செம்மறி முழு வெள்ளை. ஆகஸ்டில் மரமே இல்லாத பச்சைச் சரிவில் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் நின்றாலும், 10 மடங்கு பைனாகுலரில் சிந்திய அரிசி மாதிரி தெரிந்துவிடும். ஆக, அங்கே ஸ்கோப்பின் வேலை ஆட்டைக் கண்டுபிடிப்பது இல்லை. இந்தக் கிடாவைச் சுடலாமா, கூடாதா என்று சொல்வது. முழு வளையக் கிடாவுக்கு மட்டும் அனுமதி உள்ள பகுதிகளில் மூன்றில் ஒன்றாவது பொருந்த வேண்டும்: ஒரு கொம்பாவது 360 பாகை சுற்றி வந்திருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பு நுனிகளும் உடைந்திருக்க வேண்டும், அல்லது வயது குறைந்தது 8 ஆக இருக்க வேண்டும். தப்பாகச் சுட்டால் கொம்பும் இறைச்சியும் பறிமுதலாகும், வழக்கும் வரும்.

அந்த 360 பாகையைத் தூரத்தில் இருந்து படிப்பதில்தான் சிக்கல். கொம்பின் சுருள் வட்டமாகத் தெரிகிற கோணத்தில் கிடா நிற்க வேண்டும். சற்றே திரும்பி நின்றாலும் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். முக்கால் வளையக் கொம்பு கூட முழு வளையம் போலத் தோன்றும். மேலிருந்து குனிந்து பார்த்தாலும் இதே ஏமாற்று. வயதைக் கொம்பின் ஆண்டு வரிகளை வைத்து எண்ணுகிறார்கள். ஆண்டு வரி கறுத்து, ஆழமாக, கொம்பை முழுக்கச் சுற்றி ஓடும். இடையில் இருக்கும் மேலோட்டமான சுருக்கங்கள் பாதியிலேயே நின்றுவிடும். அவற்றைச் சேர்த்து எண்ணினால் ஆறு வயதுக் கிடாவுக்கு எட்டு வயதாகிவிடும். நுனி தேய்ந்த கிடாவில் முதல் வரியே இருக்காது. வரியை மட்டும் நம்பிச் சுடுவதாக இருந்தால் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் எந்த ஸ்கோப்பும் கைகொடுக்காது. 200, 300 மீட்டருக்கு நெருங்கித்தான் ஆக வேண்டும்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நல்ல கண்பார்வை உள்ளவருக்கு ஒரு கிலோமீட்டரில் இரண்டு புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய, அவற்றுக்கு நடுவே ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளி வேண்டும். 30 மடங்கு ஸ்கோப்பில் அது 1 செ.மீ. ஆகிறது. 55 மி.மீ. முகப்பு லென்ஸால் பிரித்துக் காட்ட முடிகிற எல்லையும் அதே தூரத்தில் சுமார் 1 செ.மீ.தான். அதனால் 55 மி.மீ. லென்ஸில் 30, 35 மடங்கைத் தாண்டினால் படம் பெரிதாகுமே தவிர, புதிதாக எதுவும் தெரியாது. 80 மி.மீ. லென்ஸின் எல்லை 7 மி.மீ.; காகிதத்தில் இது பெரிய வித்தியாசம். ஆனால் நடுவில் இருக்கிற காற்று இரண்டையும் ஒரே மாதிரி கெடுக்கிறது.

வெயில் ஏறி, சரிவில் கல் சுடத் தொடங்கியதும் கானல் எழும். அதற்குப் பிறகு 60 மடங்கில் பார்த்தால் கிடா தண்ணீருக்குள் நிற்பது போல நெளியும். 25க்குக் குறைத்தால் நெளிவும் சிறிதாகித் தெளிவு கூடும். பகல் பொழுதின் பெரும்பகுதியை வேட்டைக்காரர்கள் 20க்கும் 35க்கும் நடுவிலேயே கழிக்கிறார்கள். 60 மடங்குக்காக ஒரு கிலோ கூடுதலாகச் சுமப்பவர் அதைப் பயன்படுத்துவது விடியலிலும் மேகமூட்டத்திலும் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான்.

வெளிச்சத்துக்கும் எளிய கணக்கு உண்டு. முகப்பு லென்ஸின் விட்டத்தை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 55ஐ 30ஆல் வகுத்தால் 1.8 மி.மீ.; 45ஆல் வகுத்தால் 1.2. பெரிய 80 மி.மீ. ஸ்கோப்பே 60 மடங்கில் 1.3தான் தரும். 1.5க்குக் கீழே போனால் மங்கல் நேரத்தில் படம் இருண்டுவிடும். கண்ணுக்குள் மிதக்கும் தூசு நிழல்களும் தெரிய ஆரம்பிக்கும். மங்கலில் மடங்கைக் குறையுங்கள். சின்ன ஸ்கோப்பில் அதற்கு வசதியாகத் தொடக்க மடங்கு 11, 12, 15 என்று கீழே இருக்க வேண்டும்.

இப்போது எடை. ஸ்கோப் தனியாக மலையேறுவதில்லை. ஐபீஸோடு (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) சேர்த்து 800 கிராம் ஸ்கோப், கார்பன் கால்கள் உள்ள ட்ரைபாட் 1 கிலோ, தலைப்பகுதி 400 கிராம், தட்டு, உறை, செல்போன் மாட்டும் அடாப்டர் எல்லாம் சேர்ந்து 250 கிராம். ஆக மொத்தம் 2.45 கிலோ. இதையே 85 மி.மீ. ஸ்கோப்பை வைத்துப் போட்டால் ஸ்கோப்பே 2 கிலோவை நெருங்கும். அதைத் தாங்கும் கால்களும் தலையும் இன்னொரு 2 கிலோவைத் தாண்டும். வித்தியாசம் ஏறக்குறைய 2 கிலோ, அதாவது இரண்டு நாளுக்கு மேலான சாப்பாடு. அலாஸ்காவில் சின்ன விமானத்தில் ஏறும்போது ஆளுக்கு இத்தனை பவுண்ட் என்று சாமானைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே அந்த 2 கிலோவுக்காக வேறு எதையோ கழற்றி வைக்க வேண்டிவரும்.

எடையைக் குறைக்க நினைப்பவர்கள் செய்கிற வழக்கமான தவறு, ஸ்கோப்பைப் பெரிதாக வைத்துக்கொண்டு ட்ரைபாடில் கை வைப்பது. தலைகீழாகச் செய்ய வேண்டும். 600 கிராம் ட்ரைபாடில் உட்கார்ந்த 85 மி.மீ. ஸ்கோப் மலைமுகட்டுக் காற்றில் நடுங்கிக்கொண்டே இருக்கும். நல்ல கால்களில் நிற்கிற 55 மி.மீ. ஸ்கோப் அதைவிடக் கூடுதலாகக் காட்டும். 40 மடங்கு என்றால் நடுக்கமும் 40 மடங்கு. நடைக்கோலில் கட்டி வைப்பது, பையின் மேல் சாய்த்து வைப்பது எல்லாம் 20 மடங்கோடு சரி.

ட்ரைபாடில் உயரத்தைக் குறைக்கலாம், உறுதியைக் குறைக்கக் கூடாது. மலையில் மணிக்கணக்காகப் பார்ப்பது உட்கார்ந்துதான். ஸ்கோப் கண் மட்டத்துக்கு வந்தால் போதும், நின்று பார்க்கும் உயரத்துக்குக் காசும் எடையும் வீண். நடுத்தண்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள், தூக்கிய நடுத்தண்டுதான் நடுக்கத்தின் முதல் காரணம். கால்களை நீட்டும்போது தடித்த மேல் பகுதியை முதலில் நீட்டி, மெல்லிய கடைசிப் பகுதியை உள்ளேயே விட்டுவிடுங்கள். காற்றடித்தால் நடுக் கொக்கியில் பையைத் தொங்கவிடலாம், ஆனால் பையின் அடி தரையைத் தொட வேண்டும். அந்தரத்தில் ஆடும் பை ஸ்கோப்பையும் சேர்த்து ஆட்டும். தலைப்பகுதி மேல்-கீழ், இட-வலம் என்று தனித்தனியாக நகரும் வகையாக இருக்கட்டும். எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் சுழலும் பந்துத்தலை புகைப்படத்துக்கு நல்லது. ஸ்கோப்பில் இறுக்கிவிட்டுக் கையை எடுத்ததும் ஒரு முடியளவு சரியும். 40 மடங்கில் அந்த முடியளவில் கிடா பார்வையை விட்டே போய்விடும்.

நேர்க்குழலா (ஐபீஸ் குழலோடு நேராக இருப்பது), சாய்குழலா (ஐபீஸ் மேல்நோக்கிச் சாய்ந்திருப்பது) என்ற சண்டைக்கு முடிவே இல்லை. ஏறுமுகச் சரிவைப் பார்ப்பதற்கும், நீண்ட நேரம் கழுத்து நோகாமல் இருப்பதற்கும், ட்ரைபாடைத் தாழ வைப்பதற்கும் சாய்குழல். பைனாகுலரை எடுத்துவிட்டு அதே உயரத்தில் ஸ்கோப்பை மாட்டி உடனே ஆட்டைப் பிடிக்க நேர்க்குழல். செம்மறி வேட்டைக்குச் சாய்குழல் என்பது எங்கள் கட்சி. முதல் முறை வாங்குபவர்கள் சாய்குழலில் ஆட்டைப் பிடிக்கத் திணறுவார்கள், ஒரு வாரம் வீட்டு மாடியில் பழகினால் சரியாகிவிடும்.

எடை குறைந்த வகையில் சந்தையில் இருப்பவை: கோவா டி.எஸ்.என்-553, 15–45 மடங்கு, 55 மி.மீ., சுமார் 800 கிராம், ஃப்ளூரைட் படிக லென்ஸ். ஸ்வரோவ்ஸ்கி ஏ.டி.சி., 17–40 மடங்கு, 56 மி.மீ., 1 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வோர்டெக்ஸ் ரேசர் 11–33 மடங்கு, 50 மி.மீ., 700 கிராம் அளவில். லியூபோல்டின் 12–40 மடங்கு, 60 மி.மீ., 1 கிலோவைத் தாண்டும். கோவாவிலேயே 400 கிராமில் 50 மி.மீ. ஒன்று உண்டு. அது கிடாவா பெட்டையா, கொம்பு பெரிதா சிறிதா என்று பார்க்கப் போதும். முழு வளையத்துக்குப் பக்கத்தில் நிற்கிற கொம்பைப் பற்றிச் சண்டை வந்தால் தீர்ப்பு சொல்லாது. கூட வருகிறவரிடம் நல்ல ஸ்கோப் இருந்தால் இரண்டாவது ஸ்கோப்பாக அதுவே சரி.

கடையில் சோதிக்கும்போது பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், எல்லா ஸ்கோப்பிலும் அது நன்றாகத்தான் தெரியும். வெளியே வந்து, வானத்துக்கு எதிரே நிற்கும் மின்கம்பியையோ ஆன்டெனாவையோ உச்ச மடங்கில் பாருங்கள். ஓரத்தில் ஊதாவும் பச்சையும் கசிந்தால், வெள்ளை ஆட்டின் கொம்பு விளிம்பிலும் அதே கசியும். ஃபோகஸ் திருகை மெல்லத் திருப்புங்கள். படம் ஓர் இடத்தில் சட்டென்று கூர்மையாக வேண்டும்; இங்கேயா, அங்கேயா என்று தடுமாற வைத்தால் அந்தக் குழல் தேறாது. ஒரே மாடலில்கூட ஒரு குழல் கூர்மையாகவும் இன்னொன்று மந்தமாகவும் அமைவதுண்டு. ஆகவே காட்சிக்கு வைத்ததைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் இருப்பதை வாங்காமல், கையில் வாங்கப்போகும் குழலையே சோதியுங்கள். கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடு பார்க்க வேண்டும். முழு வட்டமும் தெரியாவிட்டால், மலையில் கண்ணாடியைக் கழற்றி மாட்டுவதிலேயே பொழுது போகும். கையுறை போட்டபடி ஃபோகஸ் திருகு கைக்குத் தட்டுப்படுகிறதா, ட்ரைபாடில் மாட்டும் பாதம் லேசாகவாவது ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பழுதுக்கு வருகிற ஸ்கோப்புகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது, மணல் படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் துடைத்த கீறல். முதலில் ஊதும் குமிழால் ஊதி, தூரிகையால் தட்டி, கடைசியில்தான் துணி. ஐபீஸில் மூச்சுப் பட்டு மூடுபனி போடுவது இன்னொரு தொல்லை: முகமூடித் துணியை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொள்ளுங்கள், பார்க்காத நேரம் மூடியைப் போட்டு வையுங்கள். கூடாரத்தின் சூட்டிலிருந்து எடுத்தவுடனே படம் கொதிப்பது போல இருந்தால் ஸ்கோப் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. குழலுக்குள் இருக்கும் சூடு ஆற கால் மணி நேரமாவது கொடுங்கள்.

செல்போன் அடாப்டரை எடைக்காக விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த 100 கிராமை விடாதீர்கள். கிடா தலையைத் திருப்பும்போது வீடியோ எடுத்து, பிறகு ஒவ்வொரு சட்டகமாக நிறுத்திப் பார்த்தால் கொம்பு வட்டமாகத் தெரிகிற அந்த ஒரு நொடி கிடைக்கும். கூட இருப்பவரும் அதைப் பார்த்துத் தன் கணக்கைச் சொல்லலாம். இரண்டு பேர் கணக்கும் ஒத்துவராவிட்டால் துப்பாக்கியை எடுக்காமல், கிடா மறுபடி திரும்பும்வரை உட்கார்ந்திருங்கள்.